வாத்தியார் வீட்டு ரேஸர்: முடிவெட்ட மறுக்கப்பட்டவர்களின் வரலாற்றுக்குச் சில குறிப்புகள்



வாத்தியார் ஐயாவின் நினைவுச் சொற்பொழிவுக்கு இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் சவரக்கத்தி. இன்னும் சரியாகச் சொன்னால், பிளேடு போட்டு மழிக்கும் பழைய ரேஸர். அழைப்பிதழ் கைக்குப் போனதும் தோழர்கள் சிலர் தொலைபேசியில் கேட்டார்கள்: "நிலம், கல்வி, இடஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ இருக்கும்போது நினைவு நாளில் சவரக்கத்தியா?" அவர்களுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறோம். நம் ஆட்கள் தலைமுடியை எப்படி வைத்துக்கொள்ளலாம், அதை யார் வெட்டலாம், எங்கே உட்கார்ந்து வெட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் இந்தச் சீமையில் ஆதிக்கச் சாதியார் கூட்டம் போட்டு முடிவு செய்த விஷயங்கள். நிலத்தை மறுத்தவர்கள்தான் முடியையும் மறுத்தார்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினார்கள். அந்தத் தாளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். முதலில் ஒரு தகரப் பெட்டியிலிருந்து தொடங்குவோம்.

தகரப் பெட்டி

ஐயா மறைந்த பிறகு அவருடைய புத்தகங்களைப் பேரவை நூலகத்துக்கு எடுத்துவரத் திருக்கோஷ்டியூர் வீட்டுக்குப் போனோம். புத்தக அடுக்குக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. பழைய ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பட்டா நகல், காது ஒடிந்த மூக்குக்கண்ணாடி. எல்லாவற்றுக்கும் அடியில் வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பித்தளை ரேஸர். மேல்மூடி, பல் வெட்டிய அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டாகக் கழன்று வந்தது. பிளேடு இல்லை.

ஐயாவின் அக்காவுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது. அவர்தான் சொன்னார்: "அது எங்க அய்யாவோடது. ரங்கூன்லேருந்து கொண்டாந்தது. தம்பி அதைத் தூக்கிப்போட விடமாட்டான். வருசத்துக்கு ஒருவாட்டி, தீவாளிக்கு முன்னாடி, நான்தான் புளி போட்டுத் துலக்கி வைப்பேன்."

அந்த வீட்டில் பழைய பொருள் என்று வேறு எதுவும் இல்லை. கூரை வீடு தொகுப்பு வீடாக மாறியபோது மண்பானைகள் போயின. உலக்கை போயிற்று. ரேஸர் மட்டும் இருந்தது. ஏன் இருந்தது என்ற கேள்வியோடுதான் நாங்கள் இந்த ஆய்வைத் தொடங்கினோம்.

முனீஸ்வரன் கோவில் தெரு

பழைய ரேஸரைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் நமக்கு அருகில் உள்ள இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழம்பொருள் வியாபாரத்துக்குப் பேர்போன தெரு அது. நகரத்தார் வீடுகள் பாகம் பிரியும்போதும் இடிபடும்போதும் அங்கிருந்த சாமான்கள் இந்தத் தெருவுக்கு வந்து சேர்கின்றன. தேக்குத் தூண், நிலைக்கதவு, பர்மா அரக்குப் பாத்திரம், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், கடிகாரம். இவற்றுக்கு நடுவே, கண்ணாடிப் பெட்டிக்குள் சேவிங் செட்டுகளும் இருக்கும்.

அவை இங்கே வந்த வழி தெரிந்ததுதான். நகரத்தார் கொடுக்கல் வாங்கல் பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று பரவியிருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பின் கீழ்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. கப்பலில் போய் வந்தவர்கள் வெளிநாட்டுச் சாமான்களைக் கொண்டுவந்தார்கள். அதில் ரேஸரும் ஒன்று.

ரேஸர் சேகரிப்பு இன்று உலகம் முழுவதும் ஒரு தனித்துறை. சேகரிப்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. பொருளை வாசிக்கத் தெரிந்தவர்கள். அவர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நாளை உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று அகப்பட்டால் உதவும்.

முதலில் பிளேடு எப்படி உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். கில்லெட்டின் ஆரம்பகால ரேஸருக்குப் பிளேடில் வட்டமாக மூன்று துளை இருக்கும். நடுத்துளையில் திருகு, இரு பக்கமும் சிறு முளைகள். 1930-இல் கில்லெட் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. அதன் பிளேடில் நடுவே நீளமான வெட்டு வந்தது. நாம் இன்று பெட்டிக்கடையில் வாங்கும் பிளேடு அதன் வழிவந்தது. எனவே முளை இரண்டும் திருகு ஒன்றுமாக இருக்கும் கில்லெட் தலை என்றால் அது 1930-க்கு முந்திய வடிவம்.

அடுத்து முத்திரை. பழைய அமெரிக்க ரேஸர்களில் காப்புரிமைத் தேதியும் வரிசை எண்ணும் பொறித்திருக்கும். 1951 முதல் அமெரிக்க ஆலையில் ஆண்டுக்கு ஓர் எழுத்தும் காலாண்டுக்கு ஓர் எண்ணும் அடித்தார்கள். இங்கிலாந்தில் செய்தவற்றில் அந்த நாட்டின் பெயர் இருக்கும். 1937-இல் லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில் கில்லெட் பெரிய ஆலை ஒன்றைத் திறந்தது. ரோல்ஸ் ரேஸர் என்று இன்னொரு ஆங்கிலேயச் சரக்கு உண்டு. உலோகப் பெட்டிதான் அதன் உடம்பு. ஒரு மூடியில் சாணைக்கல், மறு மூடியில் தோல்வார். ஒரே கத்தியைப் பெட்டிக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டித் தீட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, முலாம். வெள்ளி, தங்கம், நிக்கல் என்று எந்த முலாம் பூசப்பட்டது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் விலை. அதனால் அவர்கள் பழைய ரேஸரைச் சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் தவிர வேறு எதாலும் துலக்குவதில்லை. புளி போட்டால் அவர்கள் கணக்கில் அது கொலை.

ஐயாவின் ரேஸரை ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் பெரியவர், பொறுமையாகப் பார்த்தார். முளைகளைக் காட்டி, "இது பழைய மாடல்தான்" என்றார். பிறகு, "பெட்டி இல்லை. முலாம் இல்லை. இதுக்கு விலை சொல்ல முடியாது தம்பி" என்றார். அதற்கடுத்து அவர் கேட்டதுதான் எங்களை யோசிக்க வைத்தது: "எந்த வீட்டுச் சரக்கு?"

அவர் தப்பாகக் கேட்கவில்லை. இந்த வியாபாரத்தில் அது முறையான கேள்வி. பெயர்பெற்ற வீட்டிலிருந்து வந்தது என்றால் பொருளுக்கு மதிப்புக் கூடும். பொருளின் வரலாறு என்பது அதை வைத்திருந்த வீட்டின் வரலாறு. சேரி வீட்டுச் சரக்கு என்று சொன்னோம். அவர் ரேஸரைத் துணியிலேயே சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லத்தான் இந்த உரை.

தன்னைத்தானே மழித்தல்

பாதுகாப்பு ரேஸர் என்று இதற்குப் பெயர் வந்தது, கழுத்தை அறுக்காது என்பதால். திறந்த சவரக்கத்தியைத் தன் முகத்தில் தானே ஓட்டுவது எல்லாருக்கும் கைவராது. அதனால் உலகம் முழுவதும் மழிப்பதற்கு இன்னொருவர் தேவைப்பட்டார். பாரிஸில் கத்தி செய்யும் தொழிலாளியான ழான் ழாக் பெரே, கத்திக்கு மரக்காப்புப் போட்டால் தோல் வெட்டுப்படாது என்று கண்டார். 1769-இல் வெளிவந்த அவருடைய புத்தகம் தன்னைத்தானே மழித்துக்கொள்ளக் கற்பது பற்றியது. நியூயார்க்கில் காம்ஃபே சகோதரர்கள் 1880-இல் காப்புரிமை பெற்ற ரேஸரில் கத்திக்கு முன்னால் காப்பு இருந்தது. ஆனால் அந்தக் கத்தியையும் அடிக்கடி தீட்ட வேண்டும்.

கிங் கேம்ப் கில்லெட் ஊர் ஊராகப் போய் விற்கும் விற்பனையாளர். தீட்டவே வேண்டாத, தேய்ந்தால் எறிந்துவிடும் மெல்லிய பிளேடு என்பது அவர் யோசனை. தகடு போன்ற எஃகைக் கூராக்கி நிலைநிறுத்தும் வழியை வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் கண்டுபிடித்துக் கொடுத்தார். 1901-இல் பாஸ்டனில் கம்பெனி தொடங்கியது. விற்பனை தொடங்கிய 1903-இல் விற்றது 51 ரேஸர், 168 பிளேடு. காப்புரிமை 1904 நவம்பர் 15-இல் கிடைத்தது. ஆரம்ப விலை 5 டாலர். சாதாரணத் தொழிலாளிக்கு அது பெரிய தொகை. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காகச் சுமார் 35 லட்சம் ரேஸர்களை வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தாங்களே மழித்துக்கொள்ளும் பழக்கத்தோடு திரும்பினார்கள்.

இதுவரை சொன்னது எந்த ரேஸர் வரலாற்றிலும் இருக்கும். அந்த வரலாற்றில் கேள்வி ஒன்றுதான்: நேரம் மிச்சமா, காசு மிச்சமா? பாஸ்டனில் ஒருவர் ரேஸர் வாங்கினால், அவர் நினைத்தால் போகக்கூடிய முடிதிருத்தும் கடைக்குப் போகாமல் இருக்கிறார் என்று பொருள். ராமநாதபுரம் ஜில்லாச் சேரியில் ஒருவர் ரேஸர் வாங்கினால் அதற்குப் பொருள் வேறு. அவரைத் தொட மறுத்த கையை அவர் இனி எதிர்பார்க்கவில்லை என்று பொருள். ஒரே கருவிதான். ஆனால் அது விழுந்த மண் வேறு.

கத்தி பிடித்த கையும் கட்டுண்ட கைதான்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நமக்கு முடிவெட்ட மறுத்த கை மருத்துவர் சமூகத்துக் கை என்றாலும், மறுக்கும் அதிகாரம் அவர்களுக்குச் சொந்தமானதாக இருக்கவில்லை. வைத்தியமும் பிரசவமும் பார்த்த சமூகம் அது. மருத்துவர் என்ற பெயரே அதற்குச் சாட்சி. ஊரார் களத்தில் அளக்கும் நெல்லுக்குக் கட்டுப்பட்டு, நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் கூப்பிட்ட நேரத்துக்குப் போக வேண்டியவர்கள். சேரிக்காரன் தலையைத் தொட்ட கத்தி எங்கள் தலையைத் தொடக்கூடாது என்று ஊர் சொன்னால் அவர்களுக்கு அன்றைக்கே பிழைப்புப் போய்விடும். தொட்டவர் தண்டிக்கப்படுவார், தொடப்பட்டவர் அவமதிக்கப்படுவார், கட்டளையிட்டவர் திண்ணையில் இருப்பார். சாதி இப்படித்தான் ஒடுக்கப்பட்ட ஒருவரை வைத்து இன்னொருவரை ஒடுக்குகிறது.

இந்த இடத்தில் இரண்டு பெரிய மனிதர்களின் வாழ்க்கையை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார நாவிதர் காந்திக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார். காந்தி கடையில் முடிவெட்டும் கருவியை வாங்கிக் கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கோணலாகிவிட, நண்பர்கள் சிரித்தார்கள். தன் வரலாற்றில் இதை எழுதும்போது அவர் அந்த நாவிதரைக் குறை சொல்லவில்லை. நம் நாட்டில் தீண்டப்படாதவர்களுக்கு வெட்ட நம் நாவிதர்களை நாம் விடுவதில்லையே, அதற்கான பலன்தான் இது என்று எழுதுகிறார்.

அம்பேத்கருக்கு இது அயல்நாட்டில் கற்ற பாடம் அல்ல. சதாராவில் நாவிதர்கள் பலர் இருந்தும் மஹர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வெட்ட ஒருவரும் வரவில்லை. அவருடைய மூத்த அக்காதான் வீட்டில் எல்லாருக்கும் முடிவெட்டினார், மழித்தார். செய்து செய்து அதில் தேர்ந்துவிட்டார். தன் இளமைக்கால அனுபவங்களை எழுதிய சிறு நூலில் அம்பேத்கர் இதைக் குறிப்பிடுகிறார். காந்தி ஒரு நாள் தனக்குத்தானே வெட்டிக்கொண்டதை உலகம் அறியும். ஒரு வீட்டுக்கே ஆண்டுக்கணக்கில் முடிவெட்டிய அந்த அக்காவின் கத்திரிக்கோல் எங்கே போயிற்று? எந்த அருங்காட்சியகத்துக்கு வந்தது?

கிராப்புக்குத் தடை

இனி அந்தத் தாள். 1910-இல் உருவான ராமநாதபுரம் ஜில்லாவில்தான் அன்று நம் சிவகங்கைச் சீமை முழுவதும் இருந்தது. சிவகங்கை தனி மாவட்டமானது 1980களில்தான். அந்த ஜில்லாவில் 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், 1946-இல் வெளிவந்த இந்தியச் சாதிமுறை பற்றிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார்.

தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. இவைதாம் அந்த எட்டு. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளை போயின.

1931 ஜூனில் பதினொரு தடைகளாகப் புதிய பட்டியல் வந்தது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, மாடு மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் கிடையாது. வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிர் செய்யக்கூடாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. நிலத்தை மறுத்தவர்களே முடியையும் மறுத்தார்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் செய்யாத ஒன்றுக்கு எவரும் தடை போடுவதில்லை. கிராப்புக்குத் தடை என்று எழுதியிருந்தால், சேரியில் கிராப்புத் தலைகள் நடமாடத் தொடங்கிவிட்டன என்று பொருள். சட்டை கூடாது என்றால் யாரோ சட்டை போட்டிருக்கிறார்கள். படிக்கக்கூடாது என்றால் யாரோ பள்ளிக்குப் போயிருக்கிறார்கள். இந்தப் பட்டியலை ஒடுக்குமுறையின் ஆவணமாக மட்டும் படித்துவந்தோம். அதைத் திருப்பிப் படித்தால் நம் முன்னோரின் எழுச்சிக்கும் அதுவே ஆவணம்.

ஆனால் அந்தக் கிராப்பை வெட்டியது யார்? ஊர் நாவிதர் வரமாட்டார். சலூனுக்குள் விடமாட்டார்கள். அப்படியானால் வெட்டியவர்களும் வெட்டிய கருவிகளும் வேறெங்கோ இருந்திருக்க வேண்டும். ஹட்டனின் பக்கங்களில் இதற்குப் பதில் இல்லை. ஐயாவின் தகரப் பெட்டியில் இருந்தது.

ரங்கூன் கிராப்பு

செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்குப் போன கப்பலில் நகரத்தார் மட்டும் போகவில்லை. அதே கப்பலின் தளத்தில் நம் ஆட்கள் துறைமுகக் கூலிகளாகவும் நெல் ஆலைக் கூலிகளாகவும் போனார்கள். ஐயாவின் தகப்பனாரும் இளவயதில் அப்படிப் போனவர். அக்கா சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறோம்:

"கல்யாணத்துக்காக ரங்கூன்லேருந்து வந்தப்ப எங்க அய்யா கிராப்புத் தலையோட வந்தாராம். பஸ்ஸ விட்டு எறங்கி, கம்மாக்கரையிலேயே உக்காந்திருந்து, பொழுது சாஞ்ச பெறகுதான் தெருவுக்குள்ள வந்தாருன்னு எங்க அப்பத்தா சொல்லும். அப்பறம் வெட்டிவிட யாரு வருவா? ரேஸரு இருந்துச்சு, கத்திரி இருந்துச்சு. தானே செரச்சுக்குவாரு. ராத்திரி அரிக்கேன் வெளக்கு வச்சு நாலு பேருக்கு வெட்டிவிடுவாரு. பிளேடு வாங்க ஏது காசு? கண்ணாடித் தம்ளருக்குள்ள தேச்சுத் தேச்சே ஒரு பிளேட மாசக்கணக்குல ஓட்டுவாரு."

ரேஸரின் தலையில் முளை இரண்டு, திருகு ஒன்று. 1930-க்கு முந்திய வடிவம். அது எந்த நாளில் யார் கையில் வாங்கப்பட்டது என்பதைப் பித்தளை சொல்லாது. ஆனால் வடிவத்தின் காலமும், அப்பத்தா சொன்னதாக அக்கா சொல்லும் காலமும், ஹட்டன் எழுதிய தடையின் காலமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மூன்று சாட்சிகள். ஒன்று பொருள், ஒன்று வாய்மொழி, ஒன்று அச்சு. எழுதிவைக்கப்படாத மக்களின் வரலாற்றை இப்படி மூன்றையும் கோத்துத்தான் எழுத முடியும்.

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூன்மீது குண்டு போட்ட பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். மலையும் காடுமாக நடந்தவர்களில் வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். பணமும் பாத்திரமும் போட்டது போட்டபடி விட்டுவந்த காலம் அது. ஐயாவின் தகப்பனார் அதற்கு முன்பே ஊரோடு வந்துவிட்டார். ஆனால் இந்தச் சீமையின் பல சேரிகளில் பர்மா நடையின் கதைகள் இன்னும் இருக்கின்றன. யார் எதைக் கையோடு கொண்டுவந்தார்கள் என்று நாம் கேட்கவே இல்லை.

ஐயா அந்த ரேஸரில் தன் முகத்தை மழித்ததில்லை.  ஆனால் தகப்பனாரின் வேலையை அவர் விடவில்லை. பள்ளி ஆசிரியரான பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் காலனிப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து முடிவெட்டிவிடுவார். "தலை சுத்தமா இருந்தா வாத்தியான் பிரம்பு எடுக்க ஒரு காரணம் குறையும்டா" என்பார். மதுரையில் ஆசிரியர் பயிற்சி படித்தபோதுதான் முதன்முதலாகச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததாக எங்களிடம் சொல்லியிருக்கிறார். எதிரே கண்ணாடி, கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. எந்த ஊர், எந்தத் தெரு என்று அங்கே யாரும் கேட்கவில்லையாம். "முடி வெட்டி முடியுற வரைக்கும் யாராச்சும் கேட்டுடுவாங்களோன்னு கண்ணை மூடிக்கிட்டே இருந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பில் நாங்கள் கலந்துகொண்டதில்லை.

சட்டத்தில் சலூன்

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை இரண்டு பிரிவுகளை விவாதித்து ஏற்றது. ஒன்று இன்றைய 15-ஆவது பிரிவு, மற்றது 17-ஆவது பிரிவு. 15-ஆவது பிரிவில் வரும் கடை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று உறுப்பினர்கள் கேட்டபோது அம்பேத்கர் விளக்கம் தந்தார். உள்ளே நுழைய விடுவது மட்டும் அல்ல. நாடி வருபவருக்குச் சேவை தர முன்வரும் எந்த இடமும் அதில் அடங்கும் என்றார். அக்கா கையால் முடிவெட்டிக்கொண்டு வளர்ந்த பிள்ளை, நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் அந்த ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நாம் மறக்கக் கூடாது.

1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமையைக் காரணமாக வைத்துப் பொருளை விற்க மறுப்பதும் சேவை செய்ய மறுப்பதும் அதன் 6-ஆவது பிரிவின்படி குற்றம். சலூன் கதவு சட்டப்படி திறந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்த பிறகும் எத்தனையோ கிராமங்களில் நம் பிள்ளைகள் பக்கத்து ஊருக்கோ டவுனுக்கோ பஸ் ஏறிப் போய்த்தான் முடிவெட்டி வந்தார்கள். கேட்டால் கடைக்கு இன்று விடுமுறை என்பார்கள், கூட்டம் என்பார்கள். மறுப்பு மரியாதையான வார்த்தைகளைக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

கத்திக்கு இன்னொரு முகமும் உண்டு. தொடமாட்டேன் என்ற அதே சாதி, தண்டனை என்று வரும்போது நம் தலையைத் தொட்டு மொட்டையடிக்கத் தயங்கியதில்லை. மீசை வைத்தவனைப் பிடித்து மீசையை மழிக்கத் தயங்கியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பலவந்தமாக மொட்டையடிப்பதையும் மீசையை எடுப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. நாடாளுமன்றம் மீசையைப் பற்றிச் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்றால், இது பழங்கதை இல்லை என்று பொருள். முடியை நாம் வெட்ட நினைத்தபோது மறுத்தார்கள். வைத்துக்கொள்ள நினைத்தபோது வெட்டினார்கள். முடி பிரச்சினையாக இருந்ததே இல்லை. முடிவெடுப்பது யார் என்பதுதான் பிரச்சினை.

எந்த வீட்டுச் சரக்கு?

நம் திருக்கோஷ்டியூருக்கு ஒரு பெருமை சொல்வார்கள். பதினெட்டு முறை நடந்து வந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரம் கற்ற ராமானுஜர், ரகசியம் என்று சொல்லப்பட்டதைக் கோபுரத்தின் மேலேறி எல்லாருக்கும் சொன்னார் என்று குருபரம்பரை சொல்கிறது. நல்லது. ஆனால் கோபுரத்திலிருந்து கேட்ட மந்திரம் சேரிக்கு எட்டியிருந்தாலும், கோயில் வாசல் நமக்குத் திறக்க 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வர வேண்டியிருந்தது. மேலிருந்து சொல்வதும் கீழே கிடைப்பதும் வேறு வேறு. இடையில் உள்ள தூரத்தை நடந்தவர்களின் வரலாற்றைத்தான் நாம் எழுத வேண்டும்.

அதற்கு நமக்குப் பொருள்கள் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் பொருள்கள் தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றின் ஆண்டும் முத்திரையும் ஆராயப்படுகின்றன. அதில் நமக்குப் பொறாமை இல்லை. அந்தச் சேகரிப்பாளர்களின் பொறுமையையும் நுணுக்கத்தையும் நாம் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் அவர்கள் விலையைக் குறைக்கும் குறைகள் நமக்குக் குறைகள் அல்ல. பெட்டி இல்லை என்றால், அது கையில் மறைத்துக் கொண்டுவரப்பட்டது. முலாம் இல்லை என்றால், ஒரு பெண் அதை ஆண்டுதோறும் புளி போட்டுத் துலக்கினார். நம் சேகரிப்பில் அந்தப் புளியும் வரலாறுதான்.

எனவே பேரவையின் சார்பில் ஒரு வேண்டுகோள். மாசித் தெப்பத்துக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் எல்லாரும் ஊருக்கு வருவீர்கள். அப்போது வீட்டில் பரணையும் பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். முதல் செருப்பு, முதல் குடை, முதல் பித்தளைக் குடம், கூலிச் சீட்டு, கப்பல் சீட்டு, கத்திரிக்கோல், ரேஸர். எது இருந்தாலும் எறியாதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். அந்தத் தடைப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பொருளும் நம் வீட்டுக்குள் யார் கையால், எப்போது வந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அக்காமாரும் அப்பத்தாமாரும் இருக்கும்போதே கேளுங்கள். பொருளை நீங்களே வைத்துக்கொள்ளலாம். படமும் கதையும் பேரவைக்குக் கொடுங்கள். மருத்துவர் சமூகத்துத் தோழர்களிடமும் கேட்போம். ஊரை எதிர்த்து, இருட்டில் வந்து நமக்கு வெட்டிவிட்டுப் போன ஒருவராவது அவர்களில் இருந்திருப்பார். அவர் பெயரும் நம் ஏட்டில் ஏற வேண்டும்.

ஐயாவின் ரேஸர் இன்று இந்த மேடையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நீங்கள் பார்க்கலாம், கையில் எடுத்தும் பார்க்கலாம். அதன் பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறோம். கம்பெனிப் பெயரும் வடிவத்தின் காலமும் அதில் இரண்டாவது வரியில்தான் வருகின்றன. முதல் வரி, காரைக்குடிக் கடைக்காரர் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில்: "திருக்கோஷ்டியூர்ச் சேரி, வாத்தியார் வீடு."

ஜெய்பீம்.